தோற்றவர்களுக்கு முதல் பாடு

உங்கள் அண்ணாவை வடக்குக் கழகம் துரத்தியதால்தான் அவன் தெற்குக்கு விளையாடப் போனான் என்று நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிகிறீர்களாம். சின்னவனின் வகுப்பு ரீச்சர் சந்தையில் என்னைக் கண்டு கேட்டார். மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியால் அந்த இடத்தில் விளக்கம் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். மைச்சு நடந்த அன்றைக்கு நீங்களும் மைதானத்தில்தான் நின்றீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஐஸ்கிறீம் வானைச் சுற்றித்தான் நின்றீர்கள்.

முதலில் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மாதா கோயிலுக்கு வடக்கே நாங்கள். எங்கள் கழகத்துக்கு நீலச் சட்டை. கோயிலுக்குத் தெற்கே உங்கள் அம்மாவின் ஆட்கள், அவர்களுக்குச் சிவப்பு. இரண்டு கழகத்துக்கும் புதிய ஆட்கள் வருவது ஒரே இடத்திலிருந்துதான். ரவுணில் இருக்கிற கல்லூரியில் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, கல்லூரி அணியை விட்டு வெளியே வருகிற எங்கள் ஊர்ப் பெடியன்கள்தான் அவர்கள். சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்து குடியேறிய புதிதில், அப்படி வந்த ஒருவனுக்காக வடக்கும் தெற்கும் இழுபட்டு அவனுடைய சேட்டு கிழிந்துபோனது. சேட்டின் ஒரு கை எங்களிடம் இருந்தது, மற்றக் கை அவர்களிடம். அப்போதிருந்த பங்குத் தந்தை இரண்டு கைகளையும் வாங்கிக்கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் தூக்கிக் காட்டினார். பிறகு ஒரு விதி செய்தார்.

எங்கள் கரையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கரைவலை வளைக்க முடியாது. ஆள்மாறி ஆள்தான் வளைக்க வேண்டும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். முந்திய நாள் வெறும் வலை இழுத்தவனுக்கு அடுத்த நாள் முதல் பாடு. சுவாமி அதையே பந்துக்கும் வைத்தார். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள் வடக்கும் தெற்கும் விளையாட வேண்டும். தோற்றவர்களுக்கு முதல் பாடு, அதாவது கல்லூரிப் பெடியன்களில் முதல் ஆளை அவர்கள் எடுப்பார்கள். அடுத்த ஆளை வென்றவர்கள் எடுப்பார்கள். பிறகும் அதே முறையில் இன்னும் ஒவ்வொருவர், பக்கத்துக்கு இரண்டு பேர்தான். எடுபட்டவன் கலியாணம் கட்டும்வரை அந்தக் கழகத்துக்குத்தான் விளையாடலாம். எடுபடாதவனுக்குப் பந்து அதோடு முடிந்தது. லீக்கில் பதிவதற்கு ஊரில் வேறு கழகம் கிடையாது.

சுவாமி நல்ல மனுசன். தோற்றவனுக்கு ஓர் ஆறுதல் வேண்டும் என்று நினைத்தார். தோல்விக்கு இவ்வளவு பெறுமதி கொடுத்தால் எங்கள் ஆட்கள் அதை என்ன செய்வார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

அண்ணா பரீட்சை எழுதி முடித்த வருசம் கல்லூரி அணியிலிருந்து எங்கள் ஊர்ப் பெடியன்கள், இருந்தால் ஒரு வாங்கு நிறைகிற அளவுக்கு, வெளியே வந்தார்கள். அவர்களில் பெரிய ஆள், முன்னுக்கு விளையாடுகிற மெலிந்த பெடியன். ஓடினால் பிடிக்க ஏலாது என்பதால் அவனைச் சீலா என்றுதான் கூப்பிடுவார்கள். சீலா மீன் தண்ணீரில் போவதைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். உங்கள் அண்ணா அதே அணியின் கோலி. வலைகாவல் வேலைக்கு அவனை யாரும் பழக்கவில்லை. சின்ன வயதில் நான் படகில் நின்று எறிகிற மீனை அவன் கரையில் நின்று பிடித்துக் கூடைக்குள் போடுவான். வழுக்குகிற மீனை விடாமல் பிடித்தவனுக்குப் பந்து ஒரு வில்லங்கமே இல்லை.

பின்னேரங்களில் நாங்கள் கூடுவது கரையில் சம்மாட்டியார் வலை வைக்கிற கொட்டிலில், அவருடைய வாடியில். அவர் பெரிய வலைக்குச் சொந்தக்காரர் என்பதால்தான் சம்மாட்டியார். வடக்குக் கழகத்தின் தலைவரும் அவரே. முழங்கால் நோவு காரணமாக வாழ்க்கையில் ஒருநாளும் பந்தை உதைக்காதவர். அவருக்குப் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர் இருப்பார். அவர் வெளிநாட்டு மைச்சுகளைக் கைத்தொலைபேசியில் பார்க்கிறவர். பார்க்காத நேரம் அதைப் பற்றிக் கதைக்கிறவர். மற்ற வலைக்காரர்களும் நானும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு கதைக்குள் இறங்குவோம்.

"சீலாவை எடுத்தமெண்டால் பத்து வருசத்துக்கு எங்களுக்குக் கவலை இல்லை," என்றார் சம்மாட்டியார்.

"இடது கால் உதை காணாது," என்றார் மாஸ்டர்.

"நீங்கள்தானே மாஸ்டர் அவனுக்குப் படிப்பிச்சனீங்கள். வலது காலுக்கு மட்டும்தான் படிப்பிச்சனீங்களோ?"

"நான் படிப்பிச்சது விஞ்ஞானம்."

"அதுதான் அவன் பரீட்சையில கோட்டை விட்டவன். பந்தில விடேல்லை."

அடுத்து, பின்னுக்கு விளையாடுகிற நெட்டைப் பெடியனின் கதை வந்தது. நல்ல உயரம், நல்ல உதை, ஆனால் அவனுடைய தகப்பனுக்கு நாற்பது வயதில் வண்டி வைத்து வயிறு முன்னுக்குத் தள்ளிவிட்டது என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். மகனுக்கும் வைக்குமா, வைத்தால் எத்தனையாம் வயதில் வைக்கும் என்று ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தோம். "அது அவையின்ர பரம்பரை வண்டி," என்று நானும் சொன்னேன். இன்னொருவன் பாய்ந்து தலையால் அடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் அவனுடைய தாய் வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறா, அதனால் அவனும் பின்னால் போய்விடுவான் என்று அவனைத் தள்ளிவைத்தார்கள். தராசும் ஐஸ்பெட்டியும்தான் இல்லை. மற்றப்படி ஏலத்துக்கு வந்த மீனைப் போலத்தான் பெடியன்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். அவர்களில் ஒருவனையாவது கூப்பிட்டு, "உனக்கு எங்கே விளையாட விருப்பம்?" என்று யாரும் கேட்கவில்லை. மீனிடமும் கேட்பதில்லையே.

மற்றவர்களின் பிள்ளைகளைப் பற்றி இப்படிக் கதைப்பது நல்ல சுகம். உங்கள் அண்ணாவின் முறை வரும்வரை எனக்கும் சுகமாகத்தான் இருந்தது.

"உம்மட பெடியன் நல்லவன்," என்று சம்மாட்டியார் தொடங்கினார். நல்லவன் என்று தொடங்கினாலே விசயம் சரியில்லை. "ஆனால் கட்டை."

"இன்னும் வளருவான் அண்ணை," என்றேன்.

"பத்தொன்பது வயதிலயோ?"

"என்ர தம்பி இருபத்தொண்டுக்குப் பிறகும் வளந்தவன்."

"ஓம், கண்டனான். அகலத்தில."

வாடி முழுக்கச் சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் பெரிய மனம் காட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகு, "கோலிக்கு ஆறடி வேணும். கைகால் இருக்கிற எவனும் அவசரத்துக்குக் கோலுக்கு நிக்கலாம், அதுக்கொரு பாட்டை வீணாக்கக் கூடாது," என்றார். சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் கோயிலடியில் உங்கள் மாமா மோட்டார் சைக்கிளில் நின்றார். தெற்குக் கழகத்துக்குத் தலைவரும் விளையாட்டுக்காரரும் எல்லாம் அவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

"அத்தான், உங்கட ஆக்கள் மருமோனை வேண்டாமெண்டால் எங்களிட்டை அனுப்புங்கோ. வேலிக்கு வெளியில போற பந்து பொறுக்க ஆள் இல்லாமல் கிடக்கு."

வீட்டில் அண்ணா கிணற்றடிச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். "என்னைப் பற்றிக் கதைச்சவையோ அப்பா?" என்று கேட்டான். "கதைச்சவை," என்றேன். பொய் இல்லை.

பெரிய வெள்ளிக்குக் கிட்ட வாடியில் அந்த யோசனை வந்தது. யார் முதலில் சொன்னது என்று இன்றைக்குக் கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுவார்கள். தோற்றவர்களுக்குத்தானே முதல் பாடு? தோற்றால்தானே சீலா? அப்படியென்றால் தோற்றுவிட்டால் என்ன?

"அது பாவம்," என்றார் மாஸ்டர்.

"என்ன பாவம்? விட்டுக்குடுக்கிறது எப்ப தொடக்கம் பாவமானது?" என்றார் சம்மாட்டியார்.

"வெளிநாட்டில சில கழகங்கள் செய்யிறவைதான்," என்று மாஸ்டர் கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டு சொன்னார். வெளிநாட்டில் செய்கிறார்கள் என்றவுடன் பாவம் போய்விட்டது.

இன்னொரு சிக்கல் இருந்தது. எங்கள் பழைய கோலி மாசி மாதம் கத்தாருக்குப் போய்விட்டான். ஆள் குறைந்தால் அந்தப் பக்கத்தில் குடியிருக்கிற கல்லூரிப் பெடியன் ஒருவனை அந்த ஒரு மைச்சுக்கு மட்டும் நிறுத்தலாம் என்று விதியில் உண்டு. வடக்கில் குடியிருக்கிற கோலி உங்கள் அண்ணா மட்டும்தான். எனக்குச் சந்தோசம் பொறுக்க முடியவில்லை. முழு ஊரும் பார்க்கிற மைச்சு. அவன் யாரென்று காட்ட இதைவிட வேறு இடம் இல்லை.

"அப்ப நீர் அவனுக்குச் சொல்லும்," என்றார் சம்மாட்டியார்.

"என்னத்தை?"

"வாற பந்தை விடச் சொல்லி."

"அண்ணை, அவனை எடுக்கிறதோ விடுறதோ எண்டு எல்லாரும் பாக்கப் போறது அண்டைக்குத்தானே?"

"பாப்பம், பாப்பம். சொல்லுக் கேக்கிற பெடியனோ எண்டும் பாப்பம். நீர் தேப்பன், நீர் சொன்னால் கேப்பான்."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். அம்மா புட்டைக் குழைத்த கையோடு என்னைப் பார்த்தா.

"ஊர் ஆம்பிளையள் எல்லாருக்கும் வெயில் தலையில அடிச்சுப்போட்டுதோ? பிள்ளை பந்து பிடிக்கிறதைக் காட்டப் பந்தை விட வேணுமாம்!"

"கழகத்தின்ர முடிவு," என்றேன்.

"கழகமோ உங்களுக்குச் சோறு போடுறது? இதெல்லாம் எங்கட பக்கம் நடக்காது."

அவவுடைய பக்கத்திலும் அதே வாரம் அதே கதை நடந்தது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

அண்ணா மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "விட்டால் கட்டையன், அதுதான் விட்டவன் எண்டுவினம். பிடிச்சால் சொல்லுக் கேக்காதவன் எண்டுவினம். நான் என்ன செய்ய அப்பா?"

"சொதி விட்டுச் சாப்பிடு," என்றேன்.

உயிர்த்த ஞாயிறு பூசையில் பங்குத் தந்தை விட்டுக்கொடுத்தலைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். அவர் அந்த மாதம்தான் எங்கள் பங்குக்கு வந்த இளம் சாமியார். ஆண்கள் பக்கத்தில் எல்லாரும் பலமாகத் தலையாட்டினோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் மைச்சுக்கு விசில் ஊதியதும் அவர்தான். வெள்ளை அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். பந்து எங்கள் பக்கம் வந்தால் எங்கள் ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். வழி கிடைத்த தெற்குக்காரர்கள் திரும்பிப் பின்னுக்கு உதைத்தார்கள். தெற்கின் முன்வரிசைக்காரன் ஒருவன் கோலுக்கு முன்னால் பந்தோடு தனியே நின்றான். பத்தடிகூட இல்லை. அவன் சப்பாத்து லேஸ் கட்டக் குனிந்தான். வெறுங்காலோடு விளையாடுகிறவன்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவர்களும் தோற்க வந்திருக்கிறார்கள்.

சம்மாட்டியாரின் முகம் கறுத்தது. "துரோகியள்! இப்பிடியும் விளையாடுறதே!" என்றார். தெற்குப் பக்கத்திலிருந்து உங்கள் மாமாவும் அதையே எங்களைப் பார்த்துச் சொன்னார். சாமியார் மட்டும் சிரித்த முகமாய் நடுவில் ஓடினார். தன்னுடைய ஒரு பிரசங்கம் இவ்வளவு வேலை செய்யும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இடைவேளையில் சம்மாட்டியார் எங்கள் ஆட்களைக் கூட்டிக் குசுகுசுத்தார். திரும்ப மைதானத்துக்குள் இறங்கியதும் எங்கள் அணித்தலைவன் பந்தை எடுத்துக்கொண்டு எங்கள் கோலை நோக்கியே ஓடி வந்து, கிட்ட நின்று இழுத்து ஓர் உதை விட்டான். நான் கண்ணை மூடினேன். கூட்டம் "ஓ" என்றது. திறந்து பார்த்தபோது அண்ணா மண்ணில் கிடந்தான். பந்து அவன் நெஞ்சோடு கிடந்தது.

"விடடா! விடடா!" என்று கோட்டுக்கு வெளியே நின்று சம்மாட்டியார் கத்தினார். முள்ளியவளையிலிருந்து மைச்சு பார்க்க வந்திருந்த ஒருவர், அவர் எதிராளியை வெருட்டுகிறார் என்று நினைத்துத் தானும் சேர்ந்து கத்தினார்.

இரண்டாவது பந்து தலையால் வந்தது. விரல் நுனியால் தட்டி மேலே விட்டான். அதற்குள் தெற்குக்காரர்களுக்கும் விசயம் விளங்கிவிட்டது. எங்கள் கோலுக்குள் பந்து போனால் நாங்கள் தோற்றுவிடுவோம், முதல் பாடு எங்களுக்கு வந்துவிடும். எனவே அவர்கள் எல்லாரும் ஓடிவந்து எங்கள் கோலைக் காக்கத் தொடங்கினார்கள். எங்கள் நீலச் சட்டைகள் எங்கள் கோலுக்கே அடிக்க, சிவப்புச் சட்டைகள் குறுக்கே விழுந்து மறிக்க, நடுவில் உங்கள் அண்ணா. "இடப்பக்கம் பார்!" "ஆளை விடாதை!" என்று அவன் கட்டளை போட, தெற்குக்காரர்கள் சொன்னபடி செய்தார்கள். உங்கள் மாமா எங்கள் அணித்தலைவனின் காலுக்குள் விழுந்து ஒரு பந்தை எடுத்தார். அண்ணா அவருடைய முதுகில் தட்டி, "நல்லது மாமா," என்றான்.

நான் பார்த்த மைச்சுகளில் இதைப்போல் ஒன்று இல்லை. எழுந்து கை தட்டினேன். சம்மாட்டியார் திரும்பிப் பார்த்தார். தட்டிய கையால் காதடியில் இரைந்த நுளம்பை அடித்த மாதிரிக் காட்டிக்கொண்டு திரும்ப இருந்தேன்.

கடைசியாய் ஒரு பந்தை எல்லார் தலைக்கும் மேலாகப் பாய்ந்து பிடித்தான். பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். மைதானத்தின் மற்றப் பக்கம் வெறும் வெளி. தெற்குக் கோலி மட்டும் கம்பத்தில் சாய்ந்துகொண்டு தர்ப்பூசணித் துண்டு தின்றுகொண்டு நின்றான். அண்ணா இழுத்து உதைத்தான். பந்து போய் நடுவில் குத்தி எழும்பி, இன்னொரு தரம் குத்தி, உருண்டு போனது. தெற்குக் கோலி அதைக் கண்டான். தர்ப்பூசணியைக் கீழே போட்டான். பிறகு சம்பந்தி வீட்டாரை உள்ளே கூப்பிடுகிற மாதிரி ஒரு பக்கம் ஒதுங்கிக் கையைக் காட்டினான். பந்து உள்ளே போனது. சாமியார் கடைசி விசிலை ஊதினார்.

வடக்குப் பக்கம் செத்த வீடு. தெற்குக்காரர்கள் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் நீங்கள் வாயெல்லாம் ஐஸ்கிறீமோடு ஓடி வந்து, "அப்பா, ஆர் வெண்டது?" என்று கேட்டீர்கள். அதற்கு நான் பதில் சொல்லாததுதான் இவ்வளவு பிழைக்கும் தொடக்கம்.

அந்த வாரம் சம்மாட்டியார் என்னோடு கதைக்கவில்லை. மாஸ்டர் மட்டும் வேலிக்கு அருகே வந்து, "எங்கட ரெண்டு பாட்டில ஒண்டும் அவனுக்கு இல்லை. சொல்லுக் கேக்காதவன் எண்டு தலைவர் முடிவாச் சொல்லிப்போட்டார். கழகத்தை வெல்ல வைச்ச பெடியனை இனி ஆர் நம்புறது?" என்றார். அவர் பகிடியாகச் சொல்லவில்லை. அண்ணா குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்று பின்னேரம் கிணற்றடியில் பந்துச் சத்தம் கேட்கவில்லை. அடுத்த நாள் அவன் பந்தின் காற்றைத் திறந்துவிட்டு அலுமாரிக்கு மேலே எறிந்திருந்ததைக் கண்டேன். என்னோடு கடலுக்கு வரட்டுமா என்று கேட்டான். விருப்பமாகக் கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் கல்லூரிப் பெடியன்களை வாங்கில் வரிசையாக இருத்தினார்கள். சீலா நடுவில் இருந்தான். தோய்த்து மினுக்கிய சேட்டு, புதுச் செருப்பு. உங்கள் அண்ணா ஓரத்தில் இருந்தான். அம்மா பெண்கள் பக்கத்தில் நின்று செபமாலை உருட்டினா. அது எந்தப் பக்கத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

சாமியார் தெற்குக் கழகத்தைக் கூப்பிட்டார். உங்கள் மாமா எழும்பி வந்து சீலாவுக்கு முன்னால் நின்றார். சீலா பாதி எழும்பிவிட்டான்.

"நீ இரு தம்பி," என்று மாமா அவனுடைய தோளில் கை வைத்து இருத்தினார். பிறகு ஓரத்துக்குப் போனார். "எங்கட முதல் பாடு இவன்."

முற்றத்தில் நின்ற எல்லாரும் வாங்கின் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவன் உங்கட மருமோன்! இது குடும்ப விசயம்!" என்று யாரோ வடக்குப் பக்கத்திலிருந்து கத்தினார்கள்.

"மருமோன் எண்டதுக்கு வீட்டில சோறு போடலாம். முதல் பாடு போடேலாது," என்றார் மாமா. "முன்னுக்கு நிண்டு அடிக்க எங்களிட்டை ஆக்கள் கிடக்கினம். சொந்த ஆக்கள் அடிச்சாலும் விடாத கோலி எங்களிட்டை இல்லை. திங்கக்கிழமை பாதி மைச்சு அவன்ர சொல்லுக் கேட்டுத்தான் நாங்கள் விளையாடினனாங்கள். அவன் அண்டைக்கே எங்கட கோலி."

அண்ணா எழும்பினான். என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்காமல் சம்மாட்டியாரைப் பார்த்தேன், பழக்கதோசம். அவர் என்னையும் பார்க்கவில்லை, அண்ணாவையும் பார்க்கவில்லை. முழங்கால் நோவையும் மறந்து எழும்பி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ச் சீலாவின் கையைப் பிடித்தார். தோற்றால்தான் கிடைப்பான் என்று நினைத்தவன் வென்ற பிறகும் கிடைத்துவிட்டான். வடக்கு முழுக்கக் கை தட்டியது. வெடி கொளுத்தினார்கள். இரண்டாவது முறையில் நெட்டையனையும் எடுத்தார்கள். எங்கள் கோலுக்கு இனி ஆள் இல்லை என்பது செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. நெட்டையனை நிறுத்தினார்கள். ஆறடிதானே.

ஆகவே பிள்ளைகளே, அவனை யாரும் துரத்தவில்லை. முறைப்படி எடுத்தார்கள், முதல் ஆளாய் எடுத்தார்கள். இனி யாராவது கேட்டால் அப்படிச் சொல்லுங்கள்.

சிவப்புச் சட்டையை முதல்முறை தோய்த்தபோது அம்மா அதை முன்வேலியில் காயப்போட்டா. போகிற வருகிற நீலக்காரர்கள் எல்லாரும் சைக்கிளை நிறுத்தி, "என்ன, வீட்டில ஆபத்துக்குக் கொடி போட்டிருக்கிறியளோ?" என்று கேட்டார்கள். நான் எடுத்துக் கொல்லைப்புறத்தில் போட்டேன். அம்மா திருப்பி முன்னுக்குப் போட்டா. லீக்கில் வடக்கும் தெற்கும் சந்தித்த நாளில் நான் எந்தப் பக்கமும் இருக்க முடியாமல் உங்களோடு ஐஸ்கிறீம் வானடியில் நின்றேன். சீலா தனியே வந்து அடித்த பந்தை அண்ணா பாய்ந்து பிடித்தபோது கை தட்டினேன். நுளம்பு அடிக்கவில்லை. அதற்குப் பிறகு சட்டையை முன்வேலியில் காயப்போடுவது நான்தான். வெயிலும் அங்கேதான் நல்லாய் விழுகிறது.

போன கிழமை சம்மாட்டியார் அந்த வேலியடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். சட்டையைப் பார்த்தார். பிறகு முற்றத்தில் பந்து அடித்துக்கொண்டு நின்ற உங்கள் இருவரையும் பார்த்தார்.

"எத்தனையாம் வகுப்பு?" என்று கேட்டார்.

"ஏழு," என்றேன். "சின்னவன் அஞ்சு."

"சின்னவன்ர கை நீளம்," என்றார். "தேப்பன் வழியோ, தாய் வழியோ?"

அவர் திரும்ப வந்து உயரம் பார்க்க நிமிர்ந்து நிற்கச் சொன்னால் நிற்க வேண்டாம். அவர் போகும்வரைக்கும் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.